ஆறு கட்டைச் சிறுமி

பாம்புக்காது என்று அவளுக்கு யார் பேர் வைத்தது என்பதில் அந்த இசை நூலகத்தில் இன்றைக்கும் சண்டை உண்டு. ஒலிக்கூடத்து ஆட்கள் நாங்கள்தான் என்பார்கள், அட்டவணைப் பிரிவு ஆட்கள் நாங்கள்தான் என்பார்கள். யார் வைத்தால் என்ன, பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு அறை தள்ளி யாராவது ஒரு பழைய இசைத்தட்டை ஓட்டினால், இங்கே டீ குடித்துக்கொண்டே, "அது கொஞ்சம் வேகமா ஓடுது, இறக்கச் சொல்லு" என்பாள். போய்ப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். மற்ற காப்பகங்களில் வேகத்தை அளக்க மீட்டர் வைத்திருந்தார்கள், கணினியில் கோடு கோடாகப் படம் போட்டுப் பார்த்தார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பாள், அவ்வளவுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

அப்படிப்பட்டவளின் கையில்தான் அந்தப் பாட்டுக் குழுவின் முதல் தட்டு வந்து விழுந்தது. எழுபது வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி நாடு நாடாகப் போய்ப் பாடிய குழு அது. கூடவே ஓர் ஒலிப்பதிவுக்காரர், தட்டு வெட்டுகிற இயந்திரங்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒரு துறைமுக ஊரில் நடந்த கச்சேரியை முழுக்க வெட்டிவிட்டார். ஒரு தட்டு நிறையப் போகும்போதே அடுத்த இயந்திரத்தில் ஊசியை வைத்துவிடுவார். அதனால் ஒரு தட்டின் வாலும் அடுத்த தட்டின் தலையும் ஒரே பாட்டு வரியாக இருக்கும். பிறகு குழு கலைந்தது, தட்டுகளும் திசைக்கொன்றாகப் போயின. ஒன்று இங்கே வந்தது, ஒன்று மலைநாட்டுக்குப் போனது, ஒன்று வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கிடந்தது, ஒன்று ஒரு தீவில். நான்கு நாட்டு இசை நூலகர்களும் எப்படியோ ஒருவரையொருவர் கண்டுபிடித்து, நான்கையும் இணையத்தில் ஒரே கச்சேரியாக ஒட்டிவிடுவது என்று கூட்டமைப்பு ஒன்றை வைத்தார்கள்.

கூட்டு வேலை என்றால் விதி வேண்டுமே. அதை எழுதியவளும் இவள்தான். முதல் தட்டை வைத்திருப்பவர் வேகத்தை முடிவு செய்வார். மற்றவர்கள் வாலும் தலையும் பொருந்தும்படி தங்கள் தட்டை அதற்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்வார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளாமல் எதையும் வெளியே விடக் கூடாது. நல்ல விதிதான், முதல் தட்டு ஒழுங்காக ஓடுகிற வரைக்கும்.

அந்தக் காலத்துத் தட்டில் எழுதியிருக்கிற வேகத்தை நம்பவே முடியாது. வெட்டும் இயந்திரம் ஊருக்கு ஊர் இழுக்கும், ஒரு நாள் ஓடியமாதிரி மறுநாள் ஓடாது. இவள் வழக்கமான வேகத்தில் வைத்தபோது, பாட்டுக்குப் பின்னால் வாசித்த ஆர்மோனியம் எந்தக் கட்டையிலும், அதாவது எந்தச் சுருதியிலும், உட்காராமல் தத்தளித்தது. கொஞ்சம் இறக்கியிருந்தால் ஐந்து கட்டையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இவள் ஏற்றினாள். ஏற்ற ஏற்றக் குரல் மெலிந்து, மினுங்கி, அழகாகிக்கொண்டே போனது. ஆறு கட்டையில் வந்து நின்றதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அடி என் கண்ணே, இது குழந்தைடி! பத்துப் பன்னிரண்டு வயசுக்கு மேல இருக்காது!" என்று ஒலிக்கூடமே அதிரக் கத்தினாள்.

அன்றிலிருந்து அது 'ஆறு கட்டைச் சிறுமி' ஆனது. செய்தித்தாளில் வந்தது. இரண்டு மாநாடுகளில் இவள் அதைப் பற்றிப் பேசினாள், எழுந்து நின்று கை தட்டினார்கள். மலைநாட்டுக்காரர்களும் வடக்கே இருந்தவர்களும் தீவுக்காரரும் மறுபேச்சுப் பேசாமல் தங்கள் தட்டுகளை அந்த வேகத்துக்கு ஏற்றிவிட்டார்கள். பாம்புக்காது சொன்ன பிறகு அப்பீல் ஏது?

தீவுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தீவின் இசைக் காப்பகத்தை ஒண்டி ஆளாக நடத்துகிறவர் அவர். ஒற்றை அறை, ஒரு மேசை, ஒழுகுகிற ஜன்னல். இவளைவிடப் பத்து வயது சின்னவர், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தட்டில் தனிக்குரல் கிடையாது, எல்லாரும் சேர்ந்து பாடுவதும் ஆர்மோனியமும்தான். தனியாகப் பாடுகிற அந்தக் குரல் இவளிடம் இருந்த முதல் தட்டில் மட்டுமே இருந்தது.

ஒரு நாள் அவருடைய அலுவலகப் படியேறி ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயது. அவருடைய அக்கா அந்தக் குழுவில் பாடப் போனவள். அம்மா செத்த பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினாள். எங்கோ ஓர் ஊரில் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள் என்று செய்தி மட்டும் வந்தது. பெரியவருக்கு ஒரு காது சின்ன வயதிலேயே போய்விட்டது. கேட்கிற காதுக்குப் பின்னால் இப்போது ஒரு கட்டி. எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் கேட்பதும் அதோடு போய்விடும் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அக்கா குரலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

கூட்டமைப்பின் தளத்தில் கேட்க மட்டும் வைத்திருந்த முதல் தட்டைத் தீவுக்காரர் போட்டுக் காட்டினார். பெரியவர் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிக்கொண்டு கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். அதற்கப்புறம் தலையை ஆட்டிவிட்டார்.

"பாட்டு என் அக்கா பாடுற பாட்டுதான் தம்பி. மூச்சு விடுற எடம்கூட அதேதான். ஆனா இது யாரோ சின்னப் பொண்ணு. அந்தப் பெரிய ஆபீஸ்ல இருக்கிற அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

தீவுக்காரர் கேட்டார். பாம்புக்காது பதிலைப் பேசியே அனுப்பினாள். "தம்பி, இது சின்னப் பொண்ணு குரல்தான், அதுல எள்ளளவும் சந்தேகம் இல்ல. அவரோட அக்காவுக்கு அப்பவே முப்பத்தஞ்சு வயசுங்கிறீங்க. பாவம், வயசானவங்களுக்கு ஆசைதான் காது." அந்தக் கடைசி வரி அவளுக்கே பிடித்துப்போய்விட்டது. ஆபீஸில் இரண்டு பேரிடம் சொல்லியும் காட்டினாள், அவர்களும் சிரித்தார்கள்.

இணையத்தளத்தைத் திறந்து வைக்கிற விழா புதன்கிழமை மத்தியானம் என்று குறித்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில், அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, தீவுக்காரரிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரு சந்தேகம், தப்பா இருந்தா நாலு திட்டு திட்டிடுங்க. உங்களோடதுக்கு ஒட்டின வேகத்துல என் தட்டை ஓட்டி, அடியில இருக்கிற கரண்ட் முனகலை அளந்து பார்த்தேன். ஐம்பத்தாறு காட்டுது. அந்த ஊர்ல கரண்டு ஐம்பதுதானே? என் அளவுதான் தப்பா இருக்கும். எதுக்கும் உங்க தட்டுல ஒரு தடவை பார்த்துடுங்க. பெரியவருக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் வச்சிருக்காங்க, அதான் அவசரப்படுத்துறேன்."

கரண்ட் முனகல் என்பது வேறொன்றுமில்லை. பதிவு செய்கிற இயந்திரம் மின்சாரத்தில் ஓடும்போது, அந்த மின்சாரத்தின் ம்ம்ம் என்ற சத்தமும் பாட்டுக்கு அடியில் தட்டில் ஏறிவிடும். அது நொடிக்கு இத்தனை அதிர்வு என்று ஊருக்கு ஊர் கணக்கு உண்டு. சில ஊர்களில் ஐம்பது, சில ஊர்களில் அறுபது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்காக ஐம்பது இருக்கிற ஊரில் ஐம்பத்தாறு வராது. தட்டை வேகமாக ஓட்டினால் பாட்டோடு சேர்ந்து முனகலும் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற கத்துக்குட்டிக்கும் தெரிந்த சங்கதி. பாம்புக்காதுக்கு அதெல்லாம் தேவைப்பட்டதில்லை, அவளுக்குத்தான் காது இருக்கிறதே!

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஒழுகுற ஜன்னலை அடைக்கத் துப்பில்ல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒலிக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த முனகலைக் கணினியில் அளந்தாள். ஐம்பத்தாறு. இன்னொரு இடத்தில் அளந்தாள். அங்கேயும் அதே.

வேகத்தை மெல்ல இறக்கினாள். குரல் தடித்தது. சிறுமிக்குத் தாவணி வயது வந்தது, அதையும் தாண்டிப் போனது. முனகல் ஐம்பதில் வந்து நின்றபோது ஆர்மோனியம் ஐந்து கட்டையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பாடிக்கொண்டிருந்தவள் ஒரு முழு மனுஷி. பிள்ளை வளர்த்த குரல். மேலே போகிற இடத்தில் லேசாகக் கரகரத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, அவசரமே இல்லாமல் இறங்கினாள்.

பாம்புக்காது எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அப்போது அந்த அறையில் அவளும் அந்தக் குரலும்தான். ஆனாலும் யாரோ பார்த்துவிட்டமாதிரி காது மடல் இரண்டும் தீயாக எரிந்தன.

பாட்டின் அந்தத் துண்டை அப்படியே வெட்டித் தீவுக்கு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? டீ ஆறுவதற்குள் அனுப்பிவிடலாம். அவளுக்கும் அது தெரியும். வெட்டி வைத்தாள், விரல் பொத்தான்வரை போனது. அனுப்பினால் தீவுக்காரர் மற்றவர்களிடம் கேட்பார், கேட்காமல் எப்படி வெளியே விடுவார், விதி இருக்கிறதே. கேட்டால் மலைநாட்டுக்கும் தெரியும், வடக்கேயும் தெரியும், சாயங்காலத்துக்குள் டைரக்டர் கூப்பிடுவார். அந்தப் புதன்கிழமை விழாவில்தான், இன்னும் பல நாட்டுக் காப்பகங்களைச் சேர்த்துத் தொடங்கப்போகிற தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைவி என்று இவள் பேரை அறிவிப்பதாக டைரக்டர் காதில் போட்டு வைத்திருந்தார். புடவைகூட எடுத்தாயிற்று.

வியாழக்கிழமைதானே ஆபரேஷன் என்று அவள் நினைத்தாள். புதன்கிழமை மத்தியானம் விழா, முடிந்த கையோடு அனுப்பினால் சாயங்காலம் அவர் கேட்டுக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு கிழவரின் காதை வைத்துக் காலண்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தாள், கணக்கு அவளுக்குச் சாதகமாகவே வந்தது. "தம்பி, தலைக்கு மேல வேலை. விழா முடிஞ்சதும் மொத வேலையா பார்க்கிறேன்" என்று பதில் போட்டாள். "சரிக்கா, உங்க வேலையைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று உடனே பதில் வந்தது. அதற்கு அவள் ஒரு சிரிப்புப் பொம்மையும் அனுப்பினாள். சிரிப்புப் பொம்மை! நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்ததும் கணவர் பிடித்துவிட்டார். அவர் பல் டாக்டர், வாயைத் திறக்காதவர்களிடமிருந்து விஷயத்தை வாங்குவது அவருக்குப் பழகிப்போன வேலை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே?"

"புதன்கிழமை அனுப்பத்தான் போறேன்."

"ஆபரேஷன் தேதின்னா அது கல்வெட்டா என்ன? என் கிளினிக்லயே ஒரு பல்லு புடுங்க மூணு தடவை தேதி மாறுது. முன்னாடி வந்துடுச்சுன்னா என்ன பண்ணுவே?"

"நீங்க பல்லைப் பாருங்க. காதை நான் பார்த்துக்கிறேன்."

"அதான் பார்த்தியே" என்றார் அவர். சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவள் கோபித்துக்கொண்டு அன்றைக்கு அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான் அந்தக் கோபம்.

செவ்வாய்க்கிழமை முழுக்க விழா வேலையில் ஓடியது. நாற்காலி, ஒலிபெருக்கி, அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். ஒலிக்கூடத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

புதன்கிழமை அரங்கம் நிறைந்துவிட்டது. திரையில் மற்ற மூன்று நாட்டு நூலகர்களின் முகங்களும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. தீவுக்காரர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, ஒழுகுகிற ஜன்னல் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். டைரக்டர் பேசினார். நாடுகள் சண்டை போட்டுக்கொள்கிற காலத்தில் நான்கு நாட்டு நூலகர்கள் ஒரு பாட்டைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு ஆதாரசுருதி நம்ம பாம்புக்காது மேடம்தான் என்றார். அரங்கம் சிரித்தது, கை தட்டியது. பிறகு பாட்டைப் போட்டார்கள். ஐம்பத்தாறில்.

அவள் மேடையில் நின்று அந்தப் பொய்க் குழந்தையைக் கேட்டாள். இரண்டு நாள் முன்னால்வரை உடம்பைச் சிலிர்க்க வைத்த குரல், இப்போது பொம்மைக்குச் சாவி கொடுத்தமாதிரி கீச்கீச்சென்றது. எப்படி இது தனக்குக் கேட்காமல் போனது? முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் ஒருவர் கையைத் தூக்கி, "அந்தக் குழந்தை யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?" என்று கேட்டார்.

"இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள் அவள். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. அதுதான் அவளுக்கே தாங்கவில்லை.

தலைவி என்று அறிவித்தார்கள், சால்வை போட்டார்கள். சால்வையோடு நேராக ஒலிக்கூடத்துக்கு ஓடினாள். திங்கட்கிழமையே வெட்டி வைத்திருந்த துண்டைத் தீவுக்கு அனுப்பினாள். கூடவே பேசினாள்: "தம்பி, இப்பதான் நேரம் கிடைச்சுது, அளந்து பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி. என் தப்பு. இது பெரியவரோட அக்காதான். உடனே போட்டுக் காட்டுங்க."

'இப்பதான்' என்ற அந்தப் பொய் தன்னால் வாயில் வந்து உட்கார்ந்தது.

பதில் வர நேரமானது. வந்தபோது தீவுக்காரரின் குரல் கம்மியிருந்தது. "அக்கா, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். வியாழக்கிழமை டாக்டருக்கு வேற ஏதோ வேலை வந்துடுச்சாம், இன்னிக்குக் காலைலயே பெரியவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. விழா நடக்கிறப்ப உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லல. எல்லாம் முடிஞ்சுடுச்சு. நல்லா இருக்கார். காதுதான்... அது தெரிஞ்ச விஷயம்தானே. நீங்க வருத்தப்படாதீங்க. அளந்த ஒடனே, நல்ல நாளும் அதுவுமா, தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே, வேற யாரா இருந்தாலும் மூடி மறைச்சிருப்பாங்க. என் தப்புதான். இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

அவள் சால்வையைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினாள்.  நாற்காலியை இழுத்துப் போட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒருவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். விழா நாளன்றே தன் தப்பைத் தானே சொன்ன தலைவி என்று மலைநாட்டுக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். வடக்கே இருந்தவர்கள் அதைத் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். இனிமேல் எந்தத் தட்டாக இருந்தாலும் முதலில் முனகலை அளந்துவிட்டுத்தான் காதை நம்ப வேண்டும் என்று கூட்டமைப்பு புது விதி போட்டது. அந்த விதிக்கு இவள் பேரையே வைக்கலாம் என்று சொன்னவர் தீவுக்காரர். எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். திரையில் அத்தனை கைகளையும் பார்த்து அவள் கும்பிட்டாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டில் கணவர் பேப்பரில் வந்த அவள் படத்தை மடித்து அலமாரியில் வைத்தார். முன்பெல்லாம் இப்படி வந்த படத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

கட்டுப் பிரித்த பிறகு பெரியவர் அவளோடு பேச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தீவுக்காரர் தன் அலுவலகத்திலேயே ஏற்பாடு செய்தார். திரையில் ஒரு கட்டத்தில் பெரியவரும் அவருடைய மகளும், அவர்களுக்குப் பின்னால் தீவுக்காரர். பெரியவரின் மண்டையில் ஒரு பக்கம் மழித்திருந்தது. மகளுக்கு ஐம்பது வயது இருக்கும், மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்திருந்தாள். இவள் பேசுவதை அதில் எழுதி அப்பாவுக்குக் காட்டுவாள்.

பெரியவர் தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகப் பேசினார். "நல்லா இருக்கீங்களாம்மா? நீங்கதான் என் அக்காவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவங்களாமே! தம்பி சொன்னாரு. அவ்வளவு பெரிய விழாவை விட்டுட்டு எனக்காக ஓடிப்போய்ப் பார்த்தீங்களாம்."

மகள் பலகையைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"நமக்குக் குடுத்து வைக்கல, என்ன பண்றது, தேதியை மாத்திட்டாங்க. யாரைச் சொல்லி என்ன?" பெரியவர் கையை ஆட்டினார். "என் பொண்ணு அந்தப் பாட்டைக் கேட்டா. அத்தை குரல் எப்படிடி இருக்குன்னேன். நல்லா இருக்குப்பாங்கிறா. நல்லா இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? அவளுக்குச் சொல்லத் தெரியல. நீங்க காதாலயே எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடுவீங்களாமே. நீங்க சொல்லும்மா. எப்படி இருக்கு?"

மகள் பேனாவை எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

பாம்புக்காது சொல்லத் தொடங்கினாள். மேலே போகும்போது லேசாகக் கரகரக்கும் என்றாள். மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் விடுவாங்க என்றாள். மகள் எழுதினாள். பெரியவர் பலகையைப் படித்துவிட்டு, "ஆமா, ஆமா, அப்படித்தான்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அவசரமே இருக்காது, இல்ல? தூங்க வைக்கிறப்ப பாடுற மாதிரி?"

"ஆமாங்க" என்றாள் அவள். அதற்குமேல் முடியவில்லை. அந்த மனிதர் நன்றியோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரும் விதியும் பாராட்டும் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன.

"ஐயா, நான் புதன்கிழமை கண்டுபிடிக்கல" என்றாள். "தம்பி சொன்ன அன்னிக்கே, திங்கக்கிழமை காலைலயே அளந்துட்டேன். உங்க அக்காதான்னு அப்பவே தெரியும். பாட்டைச் சரி பண்ணிக் கையில வச்சிருந்தேன். அனுப்பினா விழாவுல என் மானம் போயிடும்னு அனுப்பல. வியாழக்கிழமைதானே ஆபரேஷன்னு இருந்துட்டேன். நேரம் இல்லன்னு தம்பிகிட்ட சொன்னது பொய்."

பின்னால் நின்ற தீவுக்காரர் ஓரடி பின்னுக்குப் போனார். முகம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, இஸ்திரி போட்ட சட்டை மட்டும் தெரிந்தது.

மகளின் பேனா பலகைமேல் நின்றுவிட்டது. ஒரு எழுத்தும் எழுதவில்லை. "என்ன சொல்றாங்க? என்னம்மா சொல்றாங்க?" என்று பெரியவர் மகள் தோளைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

மகள் பேனாவை மூடினாள். "இதை நான் என் கையால எங்கப்பாவுக்கு எழுத மாட்டேன் மேடம்" என்றாள். சத்தம் போடவில்லை. "நீங்களே எழுதுங்க. ஸ்கிரீன்ல வரும். பெரிய எழுத்தா இருந்தா அவரே படிப்பார்."

பாம்புக்காது எழுதினாள். தப்புத் தப்பாக விழுந்தது, அழித்து அழித்து எழுதினாள். சொல்லும்போது நாலு வாக்கியத்தில் முடிந்தது, எழுத எழுத நீண்டுகொண்டே போனது. மானம் என்ற சொல்லை எழுதும்போது சின்ன வார்த்தையாக வேறு ஏதாவது போடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். சீ என்று இருந்தது, அதையே போட்டாள். அனுப்பினாள்.

பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். உதடுகளை அசைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து தொடங்கினார். அவள் தலையைத் தூக்கவில்லை. திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்று இருந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை அவர் குரல் சின்னதாக வந்தது.

"திங்கக்கிழமையா..." என்றார். "திங்கக்கிழமை எனக்கு நல்லா கேட்டுச்சேம்மா. சாயங்காலம் வரைக்கும் வேலை ஒண்ணும் இல்ல. சும்மாதான் உக்காந்திருந்தேன்."